ஆவண மென்பொருள்: வெளியே எடுக்க வழி இருக்கிறதா?

கேள்வி: எங்களுடையது சிறு நிறுவனம். ஒப்பந்தங்கள், பில்கள், கடிதங்கள் பாதி அலமாரியிலும் பாதி ஆளுக்கொரு கணினியிலும் கிடக்கின்றன. ஆவண மேலாண்மை மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். இப்போதிருக்கும் கிளவுட் டிரைவ் போதாதா?

பதில்: தேடினால் கிடைப்பதில்லை என்பது மட்டும்தான் தொல்லை என்றால், டிரைவே போதும். கோப்புக்குப் பெயர் வைப்பதை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். '2024-03-15 வாடகை ஒப்பந்தம்' என்று ஆண்டு, மாதம், நாளாக எழுதினால் கோப்புகள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்று சேமிக்கும் பழக்கத்துக்கு எந்த மென்பொருளிலும் மருந்தில்லை.

யார் திறந்தார், யார் திருத்தினார் என்ற பதிவு வேண்டும், குறித்த காலம் வரை யாரும் அழிக்கக் கூடாது என்றால் வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஆனால் டெமோவில் கோப்புகளை உள்ளே ஏற்றுவதைத்தான் காட்டுவார்கள். வெளியே எடுப்பதைக் காட்டச் சொல்லுங்கள். சோதனைக் காலத்திலேயே நூறு கோப்புகளை ஏற்றி, குறிச்சொல் போட்டு, மொத்தமாக இறக்கிப் பாருங்கள். ஃபோல்டர்கள் கலைந்து, பெயருக்குப் பதில் வெறும் எண்களாக வந்தால் யோசியுங்கள். பின்னாளில் வேறு மென்பொருளுக்கு மாறும்போது அத்தனையையும் கையால் அடுக்க வேண்டியிருக்கும். சந்தா முடிந்தபின் எத்தனை நாள் கோப்புகளை வைத்திருப்பார்கள், இறக்கித் தரக் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஸ்கேன் செய்வதற்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும். படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் எழுத்துணரி (ஓசிஆர்) இல்லாத ஸ்கேன் வெறும் படம்தான், உள்ளிருக்கும் சொல்லைத் தேட முடியாது. அந்த எழுத்துணரி தமிழைச் சரியாகப் படிக்கிறதா என்று உங்கள் பில் ஒன்றை வைத்தே பாருங்கள். நெடுங்காலம் வைக்க வேண்டியவற்றை பிடிஎஃப்/ஏ வடிவில் சேமியுங்கள். 2005-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த இந்த வடிவம் எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பாமினியில் அடித்த பழைய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து கிறுக்கலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம், டிரைவ் ஒத்திசைவு (சிங்க்) காப்பு நகல் (பேக்கப்) ஆகாது. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். தனி வன்தட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது நாளாவட்டத்தில் வெளுத்துவிடும், கைக்கு வந்ததுமே ஸ்கேன் செய்யுங்கள். கையெழுத்திட்ட மூல ஒப்பந்தங்களை மட்டும், கணக்காளரையும் வழக்கறிஞரையும் கேட்காமல் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.