ஆன்டிபாடியில் எதற்குச் சர்க்கரை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தடுப்பூசி பற்றிய கட்டுரையில், ஆன்டிபாடிகளிலும் சர்க்கரை உண்டு என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு நீரிழிவு இருக்கிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரைதான் அதிலும் ஏறுகிறதா? அதற்கு அங்கே என்ன வேலை?

கவிதா

அன்புள்ள கவிதா,

நான் சொன்னது வேறு. ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் புரதங்களில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டியதைத்தான் நீங்கள் செய்துகொள்ளும் ஹெச்பிஏ1சி சோதனை அளக்கிறது. ஆன்டிபாடியும் அதற்குத் தப்பாது. ஆனால் நான் எழுதியது, ஆன்டிபாடியைச் செய்யும் செல்லே நொதிகளைக் கொண்டு, குறித்த இடத்தில் கோத்து அனுப்பும் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றி.

ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடல் செய்யும் புரதம். ரத்தத்தில் அதிகம் இருப்பது அதில் ஐஜிஜி (IgG) என்ற வகை. அதன் இரண்டு கைகள் கிருமியைப் பிடிக்கும். தண்டுப் பகுதி மற்ற நோயெதிர்ப்பு செல்களை வேலைக்கு இழுக்கும். தண்டின் இரு பக்கமும் 297ஆம் இடத்தில் உள்ள அஸ்பாராஜின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு கிளைச் சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. மொத்த எடையில் 2, 3 சதவீதம்தான். ஆனால் இரு பக்கமும் சரியான இடைவெளியில் நிற்க அதுதான் முட்டுக் கொடுக்கிறது. அதை நீக்கினால் தண்டு நிலைகுலைந்து, அந்தச் செல்களின் ஏற்பிகளால் (ஆன்டிபாடியைப் பற்றும் புரதங்களால்) அதைப் பற்ற முடியாமல் போகும். கைகள் கிருமியைப் பிடித்துக்கொண்டிருக்கும், உதவிக்குத்தான் யாரும் வரமாட்டார்கள். தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா இந்தச் சங்கிலியை வெட்டவென்றே ஒரு நொதி வைத்திருக்கிறது. கில்லாடிதான்!

சங்கிலி முழுதும் போக வேண்டியதில்லை, அடியிலுள்ள ஃப்யூகோஸ் என்ற ஒற்றைச் சர்க்கரை இல்லாவிட்டாலே கதை மாறும். ஆன்டிபாடி ஒட்டிய செல்லைக் கொல்லும் கொல்லி செல்களின் ஏற்பியிலும் ஒரு சர்க்கரை உண்டு. இரண்டும் நெருங்க ஃப்யூகோஸ் இடைஞ்சல். அது விலகினால் பிடிப்பு 50 மடங்கு வரை கூடும். ரத்தப் புற்றுநோய்க்கான ஒபினுடுசுமாப் மருந்தில் ஃப்யூகோஸைக் குறைத்திருப்பது இதற்காகத்தான். அதே பிடிப்பு உடம்புக்கு எதிராகவும் திரும்பலாம். கடுமையான டெங்கு, கோவிட் நோயாளிகளிடம் ஃப்யூகோஸ் இல்லாத ஆன்டிபாடிகள் கூடுதலாகக் காணப்பட்டன.

அப்புறம், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உள்ளவர்களின் ஐஜிஜியில், அதே சங்கிலியின் இன்னொரு சர்க்கரையான கேலக்டோஸ் குறைவு என்பது 1985லேயே தெரிந்த விஷயம். கர்ப்பகாலத்தில் அது கூடுகிறது. பலருக்கு மூட்டுவலியும் தணிகிறது. இதை வைத்து, கேலக்டோஸ் குறைவதால்தான் அந்த நோயே வருகிறது என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான்.