வாசகர் கேட்டவை: டிராகன் வெறும் வாகனமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகள் விடாமல் நச்சரித்ததால் ‘எரகான்’ நாவலைப் படித்தேன். பண்ணையில் வளரும் பையனுக்குக் காட்டில் நீலக்கல் கிடைக்கிறது, பார்த்தால் அது முட்டை, டிராகன் பிறக்கிறது, ஒரு கிழவர் வித்தை கற்றுத் தருகிறார், கொடுங்கோல் மன்னனின் ஆட்கள் துரத்துகிறார்கள். எல்லாமே எங்கோ கேட்ட கதை. சஃபிரா என்ற அந்த டிராகனும் பேசத் தெரிந்த வாகனம், அவ்வளவுதான். எழுதியவர் சின்னப் பையன் என்பதற்காகத்தான் கொண்டாடுகிறார்களோ?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கேட்ட கதைதான், அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. கிறிஸ்டோபர் பாவ்லினி எழுத உட்கார்ந்தபோது அவருக்கு வயது 15. 2002-ல் வீட்டாரே புத்தகமாகப் போட்டார்கள், மறு வருஷம்தான் பெரிய பதிப்பகம் கையில் எடுத்தது. வயதின் குறை தெரிகிறது. நடுவில் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், பாதியை வெட்டியிருக்கலாம்.

ஆனால் சஃபிராவை வாகனம் என்று சொல்லிவிட்டீர்களே, அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். முட்டையைத் தேடி அந்நியர் இருவர் ஊருக்குள் வரும் இடத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மாமாவிடம் போகவேண்டும் என்று அவன் கத்தக் கத்த, பயந்துபோன சஃபிரா அவனைச் சுமந்துகொண்டு மலைக்காட்டுக்குப் பறந்துவிடுகிறாள். சேணம் கிடையாது, செதில் உரசி உரசித் தொடையின் உள்பக்கம் தோல் உரிந்து ரத்தம், இறங்கியபின் காலை அசைக்க முடியவில்லை. குளிரில் அவள் இறக்கைக்கு அடியில் ராத்திரியைக் கழித்துவிட்டுத் திரும்பினால் வீடு தரைமட்டம், மாமா குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடக்கிறார், அப்புறம் பிழைக்கவும் இல்லை. அவனைக் காப்பாற்றியதும் அவள்தான், மாமாவுக்கு உதவ விடாமல் செய்ததும் அவள்தான். இந்தக் கோபத்தோடும் பாசத்தோடும்தான் அவன் மறுபடி அவள் மேல் ஏறவேண்டியிருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்காத வாகனத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் மாவட்டத்து வீராணம் ஏரிக்கரையில்தானே வந்தியத்தேவன் களைத்த குதிரையோடு நமக்கு அறிமுகமாகிறான்? அந்தக் குதிரை போனால் வேறு குதிரை, கதை நிற்காது. இங்கே தனக்கு உரியவர் வரும்வரை முட்டை பொரிவதே இல்லை, சேர்ந்துவிட்டால் ஒருவர் மனசு மற்றவருக்குக் கேட்கும், மாற்று என்ற பேச்சே கிடையாது. ஏறியவன் என்ன இழந்தான், சுமந்தவள் என்ன நினைத்தாள் என்பதை வைத்துத்தான் இந்த வகைக் கதைகளை நான் எடைபோடுவேன். எரகான் தேறிவிட்டது.

கேள்வி: நாவல் ரொம்பப் பெரிசு. படத்தைப் பார்த்தால் போதாதா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போதாது. 2006-ல் வந்த படத்தில் குட்டி சஃபிரா மேகத்துக்குள் போகிறாள், முழுசாக வளர்ந்து வெளியே வருகிறாள், முடிந்தது. புத்தகத்தில் அவன் வீட்டுக்குத் தெரியாமல் இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்து, மரத்தின்மேல் குட்டிக் குடிசை கட்டி அவளை வளர்க்கிறான். பழைய டிராகன்களின் பெயர்களைக் கிழவர் பிராமிடம் கேட்டுவந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறான், எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறாள். தான் சொன்னவை எல்லாம் ஆண் பெயர்கள் என்று கடைசியில்தான் அவனுக்கு உறைக்கிறது. இதைத் தாண்டிக் குதித்து வந்த சஃபிரா எனக்கு வேண்டாம்.

கேள்வி: பெரியவர்கள் படிக்கிற மாதிரி டிராகன் சவாரிக் கதை உண்டா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நவோமி நோவிக்கின் ‘டெமரேர்’ வரிசை, முதல் நாவல் 2006-ல் வந்தது. நெப்போலியன் காலத்துப் போர். ஆங்கிலேயக் கப்பல் கேப்டன் லாரன்ஸ் ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடிக்கிறார், அதற்குள் ஒரு முட்டை. பொரிந்த டிராகன் இவரைப் பிடித்துக்கொள்ள, கடற்படை வேலையும் மணக்க நினைத்திருந்த பெண்ணும் கைவிட்டுப் போகிறார்கள். அந்தப் போர்க்காலத்தில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் இருந்து, 1816-ல்தான் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பியது, அதனால் நம் பக்கத்துக்காரர்களுக்குக் கதையின் பகை புதிதாக இருக்காது. ஆங்கிலம் கொஞ்சம் பழைய பாணி, முதல் இரண்டு அத்தியாயம் மெதுவாகத்தான் போகும், விட்டுவிடாதீர்கள்.