வாசகர் கேள்வி: மலையில் மக்கர் பண்ணும் லாண்ட் றோவர்

கேள்வி: எனது சீரிஸ் 3 டீசல் லாண்ட் றோவர் இங்கே ஒரே தரத்தில் ஸ்டார்ட் ஆகும். தை மாதம் நுவரெலியாவில் விடியற்காலையில் வெள்ளைப் புகை மட்டுமே வருகிறது. டீசல் பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள். கழற்றலாமா?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: பம்பில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். வெள்ளைப் புகை என்றால் டீசல் வருகிறது, எரியவில்லை. மட்டக்களப்புச் சூட்டில், ஸ்டார்ட் பண்ணுமுன் இன்ஜினின் உள்ளே சூடேற்றும் ஹீற்றர் பிளக் செத்திருந்தாலும் இன்ஜின் பிடித்துவிடும். தை, மாசியில் உறைபனி விழும் நுவரெலியாவில் பிடிக்காது.

பழைய 2.25 லீற்றர் டீசலில் நான்கு பிளக்கும் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று எரிந்துபோனால் நான்கும் வேலை செய்யாது. வயர்களைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கின் இரு முனைகளிலும் மீற்றர் வையுங்கள். தொடர்பு காட்டாததே குற்றவாளி.

திரும்பத் திரும்ப எரிந்துபோனால், தனித்தனியே மின் பெறும் 12 வோல்ற் சமாந்தர பிளக்குகளுக்கு மாறலாம். அப்போது பழைய சுற்றிலுள்ள ரெசிஸ்ரரை விலக்க வேண்டும். நான்கும் சேர்ந்து 40 அம்பியருக்கு மேல் இழுக்கும். தடித்த வயரும், அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் றிலே சுவிட்சும் போடாவிட்டால் சாவி சுவிட்ச் கருகும். அதோடு இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையிலான ஏர்த் பட்டியைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். வாவிக்கரை வாகனங்களில் இது அரித்திருப்பது வழமை.

இன்ஜினைப் பிடிக்க வைக்க அடிக்கும் ஈதர் ஸ்பிரே மட்டும் வேண்டாம். சூடான பிளக்கில் பட்டு நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

ரேடியேற்றருக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. காய்ச்சி வடித்த நீரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ற் கலந்தால் மலைக் குளிருக்குப் போதும்.