ஐம்பது வயதுக்கு மேல் பெயர் வாங்கிய நடிகை யாராவது உண்டா?

உண்டு. அமெரிக்க நடிகை பியா ஆர்தர். அமெரிக்கர்கள் அந்த முதல் பெயரை உச்சரிப்பதுபோல் எழுதினால் தமிழில் பெரிய சங்கடமாகிவிடும். அதனால் பியா என்றே வைத்துக்கொள்கிறேன்.

நாற்பது தாண்டினால் நடிகைக்கு அம்மா வேஷம்தானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவர் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், இவருக்கு அம்மாவாக நடித்தவர் இவரைவிட ஒரு வயது சின்னவர். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

1922 மே மாதம் நியூயார்க் புரூக்ளினில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் பெர்னிஸ் ஃபிராங்கல். பிறகு குடும்பம் மேரிலாந்தில் கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூருக்குக் குடிபோனது. அங்கே பெற்றோர் பெண்களுக்கான துணிக்கடை நடத்தினார்கள். 5 அடி 9 அங்குல உயரம், கட்டைக் குரல். கதாநாயகி தேடுகிறவர்கள் கண்ணில் படக்கூடிய லட்சணங்கள் எதுவும் இல்லை.

1943இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில், அமெரிக்க மரீன் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். தட்டச்சு செய்தார், லாரி ஓட்டினார், 1945இல் வெளியே வந்தார். பிற்காலப் பேட்டி ஒன்றில், நான் மரீனில் இருந்ததே இல்லை என்று சாதித்திருக்கிறார்! இறந்த பிறகுதான் ஆவணங்கள் வெளிவந்தன. சேரும்போது இவரை மதிப்பிட்டவர் எழுதிய குறிப்பும் அதில் இருந்தது. வாக்குவாதம் செய்கிற பெண், தன் இஷ்டப்படி விட்டால் நன்றாக வேலை செய்வாள் என்கிற தொனியில். முப்பது வருடம் கழித்து இவர் நடிக்கப்போகிற பாத்திரத்துக்கு ஒரு ராணுவ அதிகாரி முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பு மாதிரி இருக்கும்.

போர் முடிந்ததும் மருத்துவ லேப் டெக்னீஷியன் படிப்பு. அது ஒத்துவரவில்லை. நியூயார்க்கில் ஜெர்மன் இயக்குநர் எர்வின் பிஸ்காட்டரின் நாடகப் பட்டறைக்குப் போனார். அங்கிருந்து இருபது வருடத்துக்கு மேல் மேடைதான் வாழ்க்கை. 1954இல், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு வெளியே, ஒரு சிறிய அரங்கில் 'த்ரீபென்னி ஆப்பரா'வில் லூசியாக நடித்தார். 1964இல் 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியபோது கல்யாணத் தரகுக் கிழவி யெந்தே இவர்தான். அப்போது வயது 42. 1966இல் 'மேம்' இசைநாடகத்தில் கதாநாயகி ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு ஈடுகொடுத்து, குடித்துவிட்டுக் குத்தலாகப் பேசும் தோழியாக நடித்து, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி வாங்கினார். இயக்கியவர் இவருடைய கணவர் ஜீன் சாக்ஸ்.

இவ்வளவுக்குப் பிறகும் நியூயார்க் நாடக ரசிகர்களைத் தாண்டி இவரை யாருக்கும் தெரியாது. 1971இல் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் நார்மன் லியர் தன்னுடைய 'ஆல் இன் த ஃபேமிலி' தொடரில் ஒரு எபிசோடுக்கு அழைத்தார். எல்லாரையும் இளக்காரமாகப் பேசுகிற ஆர்ச்சி பங்கரை அவன் வீட்டிலேயே நாலு கேள்வி கேட்டு வாயடைக்கிற மனைவிவழி உறவுக்காரி, பெயர் மாட். அந்த ஒரு எபிசோடில் பங்கருக்குச் சரியான போட்டி கிடைத்துவிட்டது என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அடுத்த வருடமே 'மாட்' என்று தனித் தொடர். அது தொடங்கும்போது பியாவுக்கு 50. உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

தொடங்கி இரண்டே மாதத்தில் ஒரு குண்டு போட்டார்கள். 47 வயது மாட் எதிர்பாராமல் கர்ப்பமாகிறாள், யோசித்து, கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கிறாள். கதை நடக்கும் நியூயார்க் மாநிலத்தில் அது ஏற்கெனவே சட்டப்படி ஆகியிருந்தது. நாடு முழுவதற்குமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன, கண்டனக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இன்று அதைப் பார்த்தால் அதிர்ச்சி எதுவும் இல்லை. கணவனும் மனைவியும் படுக்கையறையில், நாம் செய்வது சரிதானா என்று தணிந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். நகைச்சுவைத் தொடரில் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசுகிற துணிச்சல் எனக்கு அந்தப் பிரச்சினையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு எபிசோடில் மாட் மனநல மருத்துவரிடம் போகிறாள். மருத்துவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். முழு எபிசோடும் பியா ஒருவர் மட்டும் பேசுகிறார். தொலைக்காட்சி என்ற பெயரில் ஓரங்க நாடகம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தத் தொடர்களில் கேட்கும் சிரிப்பு முழுக்க முழுக்க டேப்பில் சேர்த்தது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஸ்டூடியோவில் ஜனங்களை உட்காரவைத்து, அவர்கள் முன்னால் நடித்துத்தான் பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட மேடை நாடகம்தான், கூடவே சில கேமராக்கள். அதனால்தான் இருபது வருட மேடைப் பழக்கம் இவருக்கு அங்கே கை கொடுத்தது. எதிராளி ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்வார். பியா உடனே பதில் சொல்ல மாட்டார். மெதுவாகத் தலையைத் திருப்பி ஒரு பார்வை. கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்கப் போகும் நேரத்தில் புருவம் லேசாக ஏறும். மறுபடி சிரிப்பு. இன்னும் வசனமே வரவில்லை! எழுத்தாளருக்குச் சம்பளம் மிச்சம். அந்தக் காத்திருப்பை இருபது வயதில் யாரும் செய்துவிட முடியாது என்பது என் கட்சி.

அந்த வித்தை முழுசாகத் தெரிவது 'த கோல்டன் கேர்ள்ஸ்' தொடரில். 1985இலிருந்து 1992 வரை, 180 எபிசோடுகள். மயாமியில் ஒரே வீட்டில் வசிக்கும் வயதான பெண்கள் நாலு பேர். மாட் கருக்கலைப்பு எபிசோடை எழுதிய சூசன் ஹாரிஸ்தான் இதை உருவாக்கியவர். டோரத்தி என்ற பாத்திரத்தைப் பற்றி எழுதும்போதே 'பியா ஆர்தர் மாதிரி ஒருவர்' என்று குறித்திருந்தாராம். அப்படியும் பியா எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. 'மாட்' தொடரில் இவரோடு நடித்த, இந்த நால்வரில் ஒருவரான ரூ மக்லானஹன் பேசித்தான் வரவழைத்தார். டோரத்தியின் அம்மா சோஃபியாவாக வந்த எஸ்டல் கெட்டிதான் நான் முதலில் சொன்ன அந்த ஒரு வயது இளையவர். நரை விக்கும் மேக்கப்புமாகக் கூன் போட்டு வருவார். நாலாவது பெட்டி வைட். நாலு பேரும் ஆளுக்கொரு எம்மி, அதாவது தொலைக்காட்சிக்கான பெரிய விருது, வாங்கினார்கள். பியாவுக்கு மாட் பாத்திரத்துக்காக ஏற்கெனவே ஒன்று இருந்தது.

சமையலறை மேசையைக் கவனியுங்கள். நாலு பேர் வீடு, ஆனால் பெரும்பாலும் மூன்று நாற்காலிதான் போட்டிருக்கும். கேமராவுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது என்பதால். மேடைக் கணக்கு அங்கேயும் வந்துவிட்டது.

ஏழு சீசன் போதும் என்று பியா விலகியதும் அந்தத் தொடர் முடிந்தது. மற்ற மூவரும் வேறு பெயரில் தொடர்ந்து பார்த்தார்கள், ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பியா திரும்பவும் மேடைக்கே போனார். 2002இல், எண்பதை நெருங்கும் வயதில், பிராட்வேயில் தனியாளாக நின்று பாடியும் பேசியும் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்.

2009 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தபோது வயது 86. உயிலில், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட தன்பாலீர்ப்பு, திருநர் இளைஞர்களுக்கு இடம் தரும் நியூயார்க்கின் ஆலி ஃபோர்னி மையத்துக்கு 3 லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார். 2017இல் அவர்கள் திறந்த 18 படுக்கைகள் கொண்ட விடுதிக்கு இவர் பெயரையே வைத்தார்கள்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றால், 'கோல்டன் கேர்ள்ஸ்' முதல் எபிசோடிலிருந்தே பாருங்கள். வசனம் சட்டென்று புரியாவிட்டாலும் பரவாயில்லை, டோரத்தியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.