உண்ணிக் கடியும் ஆறாத புண்ணும்: தோல் மருத்துவரின் பதில்கள்

நியூஜெர்சியில் வசிக்கிறேன். தோட்ட வேலை செய்த பத்தாம் நாள் தொடையில் ஒரு தடம் தெரிந்தது. அம்பு எய்யும் பலகைபோல வளையம் எதுவும் இல்லை. அப்படியானால் இது லைம் நோய் இல்லைதானே?

அந்த வளையப் படம் பலரை ஏமாற்றியிருக்கிறது. லைம் என்பது உண்ணிக் கடியால் பரவும் கிருமி நோய். அதன் முதல் தடம் பெரும்பாலும் உள்ளே வளையம் ஏதுமின்றி ஒரே நிறமாகப் படர்ந்திருக்கும். உண்ணி கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள் தோன்றும். நாளுக்கு நாள் விரிந்து 5 செ.மீ.யைத் தாண்டும். வலியும் அரிப்பும் பெரிதாக இருக்காது. கடித்த ஓரிரு நாளிலேயே தோன்றி, அரித்து, சிறியதாகவே அடங்கிவிடுவது உண்ணியின் எச்சிலுக்குத் தோல் காட்டும் ஒவ்வாமைதான்.

நம் நிறத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அடிபட்டுக் கன்றிப்போனதுபோல ஊதாவும் பழுப்பும் கலந்திருக்கும். 'எங்கேயோ இடித்துக்கொண்டேன்' என்று விட்டுவிடுவார்கள். பால்பாயிண்ட் பேனாவால் தடத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போடுங்கள். மறுநாள் தடம் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். இந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனை பல நேரம் 'இல்லை' என்றே சொல்லும், ஏனெனில் கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். எனவே தடத்தைப் பார்த்தே சிகிச்சையைத் தொடங்குவதுதான் முறை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பொதுவாக 10 நாட்கள் போதும். மாத்திரை சாப்பிடும் நாட்களில் வெயிலில் அலையாதீர்கள், தோல் எரிந்துவிடும்.

ஜெர்மனியில் இருபது ஆண்டுகளாக இருக்கும் என் அம்மாவுக்கு வயது 67. ஒரு பாதத்தின் மேற்புறத் தோல் நீலம் பாரித்து, இப்போது மெலிந்துவிட்டது. நாற்காலிக் கால் பட்ட சிறு கீறல் ஆற இரண்டு மாதம் ஆனது. வயோதிகம் என்கிறார்கள்.

வயோதிகம் ஒரு பாதத்தை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் அந்த 'ஒரு பாதம்'.

ஐரோப்பாவின் உண்ணிகளில் லைம் நோயை உண்டாக்கும் பொரீலியா அஃப்ஸெலி என்ற கிருமி வகை பரவலாக உண்டு. அது தோலிலேயே பல ஆண்டுகள் தங்கக்கூடியது. 1883இல் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தில் உள்ளது) ஆல்ஃபிரட் புக்வால்ட் என்ற மருத்துவர் இத்தகைய தோல் மெலிவை விவரித்தார். அமெரிக்காவில் லைம் என்ற ஊரின் பெயர் நோய்க்கு வருவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு! இது பெண்களுக்கு, அதிலும் நடுவயதைக் கடந்தவர்களுக்கு, அதிகம் வருகிறது. முதலில் புறங்கையிலோ புறங்காலிலோ நீலச்சிவப்பான, மாவுபோல மெத்தென்ற வீக்கம். பிறகு மெல்ல மெல்லத் தோல் சுருங்கி வெங்காயச் சருகுபோல ஆகிவிடும். அடியிலுள்ள ரத்தக் குழாயெல்லாம் பச்சையாகத் தெரியும். கடித்த உண்ணியை அம்மாவுக்கு நினைவிருக்காது. இருக்க வேண்டும் என்றும் இல்லை.

புண் ஆறத் தாமதமாவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மெலிந்த தோல் லேசாகப் பட்டாலும் கிழிகிறது, கிழிந்த விளிம்புகள் சேரப் போதிய திசுவும் இல்லை. பலருக்கு அதே காலில் உணர்ச்சியும் மங்கியிருக்கும், அதனால் அடிபட்டதே தெரியாமல் நடப்பார்கள்.

முதல்கட்டத் தடம்போல அல்லாமல், இந்த நிலையில் ரத்தப் பரிசோதனை தெளிவாகவே காட்டிக்கொடுக்கும். தேவைப்பட்டால் தோலில் சிறு துணுக்கு எடுத்தும் பார்ப்பார்கள். ஆன்டிபயாடிக் சிகிச்சை 3 முதல் 4 வாரங்கள். நீலமும் வீக்கமும் வடியப் பல மாதங்கள் ஆகும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே சருகாகிப்போன இடம் பழையபடி தடிக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அங்கே தினமும் களிம்பு தடவி, தடித்த காலுறை போடட்டும். கால் ரத்த ஓட்டத்தையும் சர்க்கரையையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் லைம் வந்து முழுச் சிகிச்சை எடுத்தேன். இப்போது உள்ளங்காலில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா? மீண்டும் நீண்ட நாள் ஆன்டிபயாடிக் கேட்கலாமா?

கேட்க வேண்டாம். ஆறாத புண் லைம் நோயின் பொதுவான அடையாளம் அல்ல. முந்தைய கடிதத்தில் சொன்ன மெலிந்த தோல் விதிவிலக்கு. உள்ளங்காலில் அழுத்தம் விழும் இடத்துப் புண் என்றால் முதல் சந்தேகம் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரி சர்க்கரையை இந்த வாரமே பாருங்கள். கணுக்காலின் உட்புறம் என்றால் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரையில் கோளாறு, விரல் நுனி என்றால் ரத்தம் கொண்டுவரும் தமனியில் கோளாறு என்று சந்தேகிப்போம். மூன்று மாதம் தாண்டிய எந்தப் புண்ணிலும் விளிம்பிலிருந்து துணுக்கு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். லைம் சிகிச்சைக்குப் பிறகும் சோர்வும் வலியும் நீடிப்பவர்கள் உண்டு, அது பொய்யல்ல. ஆனால் நெதர்லாந்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், அத்தகையவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த 12 வார ஆன்டிபயாடிக் எந்தப் பலனும் தரவில்லை.

மகனின் காது மடலில் வலியில்லாத நீலச்சிவப்புக் கட்டி. சுவீடனில் இருக்கிறோம்.

குழந்தைகளுக்குக் காது மடலிலும் மார்புக்காம்பிலும் லைம் இப்படி வரும், ஐரோப்பாவில். மருந்துக்கு நன்றாகக் கேட்கும். பிதுக்காமல் காட்டுங்கள்.

உண்ணியை எடுக்க வாசலின் தடவலாமா, தீக்குச்சியால் சுடலாமா?

இரண்டும் கூடாது. கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டி அதன் தலையைப் பிடித்து, நேராக மேலே, நிதானமாக இழுங்கள். வயிற்றை நசுக்காதீர்கள். வாயின் துணுக்கு தோலில் தங்கினால் கத்தியால் தோண்டாதீர்கள், தோல் தானே தள்ளிவிடும். கடித்த தேதியை நாட்காட்டியில் குறித்து, ஒரு மாதம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.