பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும் என்கிறீர்களே!

கேள்வி: எனக்கு 57 வயது. அடுத்த வருடம் ஓய்வு பெற்றதும் மனைவியோடு ஒரு வருடம் மத்திய ஆசியாவைத் தரைவழியே சுற்றி, தஜிகிஸ்தான் மலைகளின் ஊடே போகிற பாமிர் நெடுஞ்சாலையையும் கடந்து வரத் திட்டம். அதற்காகப் உள்ளேயே படுத்துத் தங்கும்படி அமைத்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி (கேம்பர்) ஒன்று வாங்கப் போகிறேன். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, தூக்குக்கூரை வைத்த டொயோட்டா லேண்ட் குரூஸர் 78, 1HZ இன்ஜின், 2,80,000 கிலோமீட்டர் ஓடியது. மற்றது, பின்னால் முழு அறையே கட்டிய 7.5 டன் லாரி. ஓட்டம் குறைவு, உள்ளே நின்று நடக்கலாம். என் மனம் லாரியில்தான் இருக்கிறது, அதற்கான லைசென்ஸும் எனக்கு உண்டு. மனைவி கல்யாணத்துக்கு முன்பு கார் ஓட்டியவர். கார் லைசென்ஸ் இன்னும் இருக்கிறது, ஆனால் பிறகு ஓட்டத் தேவைப்படவில்லை. முழுக்க நானே ஓட்டிக்கொள்வேன், அவர் நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் போதாமல் இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். சக்கரங்களைச் சேர்த்துச் சுழலவைக்கும் டிஃப் லாக்குக்கு ஒரு பக்கம், சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்கு நான்கு வரி. அவர் இந்த இரண்டு வண்டிகளையும் பார்த்தாரா, எதிலாவது ஏறி உட்கார்ந்தாரா என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை.

இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் படித்துவிட்டேன். இன்ஜின் நம்பர் இருக்கும், டயர் அளவு இருக்கும், கூட வருகிற மனுஷி மட்டும் இருக்க மாட்டார். அதனால் உங்கள் திட்டத்தைப் பாராட்டிவிட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

"பிறகு ஓட்டத் தேவைப்படவில்லை" என்று எழுதினீர்களே, யாருக்குத் தேவைப்படவில்லை? ஓட்டத் தெரிந்த ஒரு பெண் முப்பது வருடமாகச் சாவியைத் தொடவில்லை என்றால் வீட்டில் இன்னொருவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார் என்று அர்த்தம். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரிகிறது. பிரியத்தில்தான் செய்திருப்பீர்கள். அந்தப் பிரியத்தோடு அவரைப் பாமிருக்கும் கூட்டிப் போகப் பார்க்கிறீர்கள். நான் கோபப்படுவது அதற்குத்தான்.

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தெற்கே மலையேறுகிறீர்கள் என்று வையுங்கள். காராகுல் ஏரிக்கு வரும்போதே 3,900 மீட்டரைத் தொட்டிருப்பீர்கள். அதைத் தாண்டினால் அக்-பைத்தால் கணவாய், 4,655 மீட்டர். அந்த உயரத்தில் தலைவலி வரும், வாந்தி வரும், முற்றினால் நடை தள்ளாடும், புத்தி மந்தமாகும். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திடகாத்திரமான ஆளைப் படுக்கப் போட்டுவிட்டு, மெலிந்தவரை ஒன்றும் செய்யாமல் விடும். முற்றிவிட்டால் உடனே கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. மாத்திரையும் ஆக்சிஜனும் அதற்குத் துணை. இறங்கு என்றால் யார் இறக்குவது? வண்டியை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் பின்னால் வாளியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வந்தவர் சரளைக்கல் பாதையில் நின்று, ஏதாவது வண்டி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் காட்சியை நான் ஊதிப் பெருக்கவில்லை. சிறுநீரகக் கல் வலியில் கணவர் சுருண்டு கிடக்க, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த ஒரு மனைவி எனக்கு எழுதியிருக்கிறார்.

கட்டினவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது கடமை என்று நம்புகிறவள் நான். நீங்கள் விழுந்தால் அவர் எழுந்து நடக்க வழி வைப்பதும் அதே கடமைதான். அதை வைக்காத பாதுகாப்பை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான பதில் அந்த நான்கு வரிக்குள்ளேயே இருக்கிறது.

லாரியை விடுங்கள். ஐரோப்பா உட்படப் பல இடங்களில் சாதாரண கார் லைசென்ஸை வைத்து 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். 7.5 டன்னுக்குத் தனி உரிமம் வேண்டும். அது உங்களுக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை. ஆக நீங்கள் ஆசைப்படுகிற வண்டியை அவர் அவசரத்துக்குத் தொட்டால்கூடக் குற்றமாகலாம். காப்பீடும் கைவிட்டுவிடலாம். ஸ்டெப்னி சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லேண்ட் குரூஸருடையது 35, 40 கிலோ வரும். ஒருவர் உருட்டி, இருவர் சேர்ந்து தூக்கி மாட்டிவிடலாம். லாரிச் சக்கரம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உள்ளே நின்று நடக்கலாம் என்கிற சுகம் பெரிதுதான், மறுக்கவில்லை. அந்தச் சுகத்துக்கு அவர் கொடுக்கிற விலை ரொம்ப அதிகம்.

லேண்ட் குரூஸரில் 2,80,000 கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1HZ என்பது 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் இன்ஜின். கந்தகம் மிகுந்த டீசல் கிடைக்கிற ஊர்களிலும் ஓடும். புகை வடிகட்டி வைத்த புது இன்ஜின்கள் அங்கேதான் அடைத்துக்கொண்டு நிற்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது கேளுங்கள், வாய்ச்சொல் போதாது. ரசீது இல்லையென்றால் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இன்ஜினைவிட நான் பயப்படுவது துருவுக்கு. சேஸிஸை, முக்கியமாகப் பின் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே தகடு உள்ளுக்குள் அரித்திருக்கலாம். புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். தூக்குக்கூரைக்காக மேல் தகட்டை வெட்டிய நான்கு மூலைகளிலும் விரலை ஓட்டிப் பாருங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

எடையையும் மறக்காதீர்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, 100 லிட்டர் டீசல் சுமார் 84 கிலோ. இருவரும் ஏறி, எல்லாம் நிரப்பி, லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜில் நிறுத்திப் பார்த்து, பதிவில் உள்ள உச்ச எடைக்குள் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

காகிதங்களிலும் அவரைச் சேருங்கள். வெளிநாட்டு வண்டியைத் தற்காலிகமாக உள்ளே விடும்போது எல்லையில் அதைப் பெரும்பாலும் ஓர் ஆளின் பெயரில்தான் பதிவு செய்வார்கள். ஈரான், பாகிஸ்தான் வழி போனால் கார்னே என்ற சுங்க ஆவணமும் வேண்டும். எல்லாம் உங்கள் பெயரிலேயே இருந்து, நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், வண்டியை எல்லை தாண்டி எடுத்துப்போக அவரை விடாமல் நிறுத்திவைக்கலாம். அவருக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுங்கள். அவர் ஓட்டலாம் என்று சான்றளித்த அதிகாரக் கடிதம் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும்.

என் அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக் கார் ஷெட்டிலேயே நின்றது. ஒருநாள் அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை. இருக்கையை முன்னுக்குத் தள்ள அடியில் இருந்த கம்பியை நான் குனிந்து இழுத்தேன். அசையவில்லை. இருபத்திரண்டு வருடம் அப்பாவின் கால் நீளத்திலேயே நின்று துருவேறிப் போயிருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் கம்பி மறுபடி என் கையில் உறுத்தியது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த லேண்ட் குரூஸரை அவருக்குக் காட்டுங்கள். ஓட்டுநர் பக்கம் ஏறச் சொல்லுங்கள். இருக்கை முன்னால் வருகிறதா, கிளட்ச்சைத் தரை வரை மிதிக்க முடிகிறதா, ஏற்றத்திலும் சேற்றிலும் மெதுவாக, பலமாக இழுக்க உதவும் லோ ரேஞ்ச் லிவரை அவர் கையால் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், அவருக்குப் பொருந்துகிற வேறு வண்டி தேடுங்கள். முடிந்தால் வாங்கிக்கொண்டு, கிளம்புவதற்கு முன் ஆறு மாதம் வாராவாரம் அவரே ஓட்டட்டும். மண்ணில் டயர் காற்றைக் குறைத்து ஓட்டவும், சிக்கினால் மீட்கவும் இருவருமே பழகுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கில், ஒருவர் வெளியே நின்று சக்கரத்தைப் பார்த்துக் கை காட்ட வேண்டிய வேலை அது. கை காட்டுகிற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அவர் ஓட்டும்போது குறுக்கே பேசாதீர்கள்.

அதன் பிறகு எனக்கு ஒரு கடிதம் வரட்டும். அதை அவரே எழுதட்டும்.