சளிக்கு வீட்டில் இஞ்சிக் கஷாயம் போட்டால் ஒரு நாள் சப்பென்று இருக்கிறது, மறுநாள் கசக்கிறது; பால் ஊற்றினால் திரிந்துவிடுகிறது. சரியான முறை என்ன?

முதலில் நீங்கள் வாங்கும் இஞ்சியைப் பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேதான். தோல் மெல்லிசாக, வெளிறிய மஞ்சளில், நுனி லேசாக ரோஸ் நிறத்தில் இருந்தால் அது இளம் இஞ்சி. ஊறுகாய்க்கு அருமை, கஷாயத்துக்குச் சப்பென்றுதான் இருக்கும். பழுப்புத் தோல், ஒடித்தால் நார் நூலாக இழுபட வேண்டும், அதுதான் முற்றல். சிங்கப்பூர்த் தேக்கா ஈரச்சந்தையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மலேசியாவின் பகாங்கிலிருந்து வரும் பெந்தோங் இஞ்சி விலையும் கூட, காரமும் கூட. அதுவானால் கீழே உள்ள அளவில் மூன்றில் இரண்டு பங்கு போதும்.

நாலு பேருக்கு: முற்றிய இஞ்சி 40 கிராம் (கட்டைவிரல் அளவில் இரண்டு துண்டு), தண்ணீர் 900 மில்லி, கொத்தமல்லி விதை 1 மேசைக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, அரிசித் திப்பிலி 3, துளசி ஒரு சின்னக் கைப்பிடி, கருப்பட்டி 60 கிராம். திப்பிலி சிராங்கூன் ரோட்டு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் மிளகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். துளசிக்குப் பதிலாக, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் தொட்டியில் வளர்க்கும் கற்பூரவள்ளி நாலைந்து இலை போடலாம்.

இஞ்சியை நன்றாகக் கழுவித் தோலைச் சுரண்டி, நாருக்குக் குறுக்காக வெட்டி, இடிகல்லில் நசுக்குங்கள். மிக்ஸியில் போட்டு விழுதாக அரைக்காதீர்கள். இஞ்சியில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. அரைத்தால் அத்தனையும் வெளியே வந்து, கொதிக்கும்போது வெந்து, கஷாயம் கஞ்சி மாதிரி வழவழத்துப் போகும். இஞ்சிச் சாற்றைத் தெளிய வைத்து அடியில் தங்கும் வெள்ளையைக் கொட்டிவிடு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வெள்ளை இந்த மாவுதான். பலர் நினைப்பது போல அது சுண்ணாம்பும் இல்லை, நஞ்சும் இல்லை. சாறாகக் குடிப்பவர்கள் பத்து நிமிடம் வைத்திருந்து மேலே உள்ளதை மட்டும் இறுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

மல்லியையும் மிளகையும் வெறும் சட்டியில் வாசம் வரும் வரை மட்டும் வறுத்து, திப்பிலியோடு சேர்த்து ஒன்றிரண்டாகப் பொடியுங்கள். கசப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நுழைகிறது: மல்லி கறுத்தால் என்ன இனிப்புப் போட்டாலும் அடங்காது. தண்ணீர் கொதித்ததும் பொடியையும் முக்கால்வாசி இஞ்சியையும் போட்டு, தீயைக் குறைத்து, மூடி போட்டு 15 நிமிடம். மூடாவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். அடுப்படி மணக்கும், கோப்பையில் ஒன்றும் இருக்காது. பிறகு மூடியை எடுத்து 600 மில்லி வரும் வரை சுண்ட விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகே மீதி இஞ்சியும் துளசியும். ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். துளசியை முதலிலேயே போட்டுக் கொதிக்க விடுவது கசப்புக்கு இரண்டாவது காரணம். எலுமிச்சையைத் தோலோடு கொதிக்கப் போடுவது மூன்றாவது. சாறு வேண்டுமானால் கோப்பையில் பிழிந்துகொள்ளுங்கள்.

கருப்பட்டியில் மண் இருக்கும். அரைக் கோப்பைத் தண்ணீரில் தனியே கரைத்து வடிகட்டிச் சேருங்கள். தென்னை வெல்லமான குலா மலாக்காவும் நன்றாகவே பொருந்தும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டும் சர்க்கரைதான். 'நாட்டு இனிப்பு, ஒன்றும் செய்யாது' என்று ஏமாற வேண்டாம்.

இப்போது பால். பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று உண்டு. குவாங்டோங் சீனர்கள் சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றித் தயிர் போல உறைய வைக்கும் இனிப்பு இதை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் கொதிநீரில் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே இஞ்சியைத் தண்ணீரில் குறைந்தது ஐந்து நிமிடம் கொதிக்க வைத்த பிறகே பால் ஊற்ற வேண்டும். காப்பிக்கடை தே ஹாலியா (இஞ்சிப் பால் தேநீர்) மாதிரி பாலோடு குடிக்க ஆசையானால், எல்லா இஞ்சியையும் ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். கடைசியில் போடும் கால் பங்கு அதற்கு ஆகாது. எலுமிச்சையும் கூடாது. வெல்லம், கருப்பட்டி சேர்த்துக் கொதிக்க வைத்தாலும் பால் திரியலாம், ஆகவே அதை அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள். இருந்தாலும் தொண்டைக்கட்டுக்குப் பால் இல்லாத கஷாயமே மேல் என்பது என் கட்சி.

இஞ்சி கைவசம் இல்லையென்றால் சுக்கு. 40 கிராம் இஞ்சிக்கு 8 கிராம் சுக்கு சரியாக வரும், ஏனென்றால் இஞ்சியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். காரம் மட்டும் வேறு தினுசு: உலரும்போது, பச்சை இஞ்சிக்குக் காரம் தரும் ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி ஷோகால் என்ற வேறொன்றாக மாறுகிறது, அது தொண்டையில் இன்னும் உறைக்கும். சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள். தோலைச் சீவிவிட்டு இடியுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 150 மில்லி, சாப்பிட்ட பிறகு, நாளைக்கு இரண்டு முறை. வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இன்னும் எரியும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 40 மில்லியை அதே அளவு வெந்நீரில் கலந்து, மிளகைப் பாதியாகக் குறைத்துக் கொடுங்கள். கைக்குழந்தைக்கு இந்தக் காட்டம் வேண்டாம். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூட ஆகாது, பொட்டுலிசம் என்னும் கொடிய நோய் வரலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தினசரி குடிக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இது வைரஸைக் கொல்லாது. மூக்கடைப்பும் தொண்டைக் கரகரப்பும் கொஞ்சம் இளகும், சூடாகக் குடிப்பதில் உடம்புக்கு நீரும் சேரும். சளியே இல்லாமல் திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் சிங்கப்பூரில் டெங்கி சந்தேகம் முதலில் வர வேண்டும். கஷாயம் போட்டுக்கொண்டிருக்காமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலும், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் அப்படியே.

மீந்ததை இந்தப் புழுக்கத்தில் இரவு முழுக்க அடுப்பில் வைக்காதீர்கள். ஆறியதும் குளிர்பெட்டியில், இரண்டு நாள் வரை. பச்சை இஞ்சியைக் காகிதத்தில் சுற்றிக் காய்கறித் தட்டில் வைக்கலாம், அல்லது உறைய வைத்து அப்படியே துருவலாம். பூஞ்சை பிடித்ததை வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் போடாதீர்கள், முழுசாகத் தூக்கி எறியுங்கள்.